பீடத்துக்கு வந்த ஆவாரம்பூ

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ரெண்டு என் நாத்தனார் சாகும்போது என் கையில் விட்டுப் போனது. ஆறும் இன்றைக்கு நல்லா இருக்கு. அதுகளோடு சிவப்பு லில்லியும் வளர்த்தேன். பிள்ளைகளை யார் வேண்டுமானாலும் வளர்ப்பார்கள். லில்லியைச் சரியாக ஈஸ்டர் அன்றைக்குப் பூக்க வைக்க ஆம்பூரில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

லில்லிக்குக் கிழங்கு வெங்காயம் மாதிரி மண்ணுக்குள் இருக்கும். சும்மா விட்டால் மாசியிலோ சித்திரையிலோ அதன் இஷ்டத்துக்குப் பூக்கும். ஈஸ்டரோ வருஷா வருஷம் தேதி மாறி வரும். அதனால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவேன். இலையெல்லாம் காய்ந்துவிடும். தொட்டிகளைச் சுவரோரம் படுக்கப் போட்டுவிடுவேன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் அன்றுதான் நிமிர்த்தித் தண்ணீர் விடுவேன். நாங்கள் உபவாசம் ஆரம்பிக்கும்போது அது சாப்பிட ஆரம்பிக்கும். ஈஸ்டர் காலையில் எங்கள் கோயில் பீடத்தில் சிவப்பாக நிற்கும். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை.

ஒரு வருஷம் சின்ன மகளுக்குத் திருப்பத்தூரில் பிரசவம். பொங்கல் கழிந்து போனவள், சாம்பல் புதனுக்குத்தான் திரும்பினேன். கேட்டைத் திறந்தால் தொட்டியெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. ஒவ்வொன்றிலும் விரல் தடிமனுக்குக் காம்பு, நுனியில் மொட்டு.

பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். அவர்கள் வீட்டில் உருது பேசுவார்கள், என்னை நானிம்மா, அதாவது பாட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

"நானிம்மா, பாத்தீங்களா? எல்லாம் காஞ்சி போயி உருண்டு கெடந்துச்சி. எனக்கு ஒரே பேஜாரு. போர் தண்ணி உப்பு, செடி செத்துடும்னு குடிக்கிற தண்ணியவே ஊத்துனேன்."

எங்கள் தெருவுக்குக் குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். தன் பங்கிலிருந்து மொண்டு ஊற்றியிருக்கிறாள். என்ன சொல்வேன்? "நல்லாத்தாம்மா ஊத்திகிற" என்றேன்.

லெந்து நாட்களில் பீடத்தில் பூ வைக்க மாட்டோம், ஊதாத் துணி மட்டும்தான். அந்த முதல் வாரத்திலேயே என் லில்லி அத்தனையும் பூத்துக் கொட்டியது. தெருவே வந்து பார்த்தது. கோயிலுக்கு ஒன்றுகூட ஆகவில்லை.

பெண்கள் சங்கத்துச் செயலாளருக்கு விஷயம் போய்விட்டது. கூட்டத்தில் வைத்தே சொன்னாள். "ஆயா, இந்த வருஷம் உங்களுக்கு ரெஸ்ட்டு. ஓசூர்ல பூங்கொத்து சொல்லிடலாம். தாளு சுத்திப் பளபளன்னு வரும்."

ஒருமுறை கடைப்பூ பீடத்தில் ஏறினால் அப்புறம் இறங்காது. அது எனக்குத் தெரியும்.

"பூ எங்க வீட்ல இருந்துதான் வரும்" என்றேன்.

"எங்கிருந்து ஆயா? காம்புல இருந்தா?" எல்லோரும் சிரித்தார்கள்.

"அது என் கவல. நீ பாட்டு பழகு."

ஈஸ்டருக்கு முந்தின நாள் பாலாற்றைத் தாண்டி மலையடிவாரத்துக்குக் கிளம்பினேன். "கெடுத்தது நானு, நானும் வர்றேன்" என்று பக்கத்து வீட்டுக்காரி ரம்ஜான் நோன்போடு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அங்கே பாறைச் சந்தில் நரிவெங்காயம், அதுவும் லில்லி மாதிரி கிழங்குதான், ஓர் இலைகூட இல்லாமல் ஒற்றைக் காம்பை நீட்டியிருந்தது. அதற்கு யாரும் காலண்டர் காட்டவில்லை. அதைத் தாண்டிச் சரிவு முழுக்க ஆவாரை, மஞ்சள் மஞ்சளாய். முன்பே கண் வைத்திருந்த இடம்தான்.

"இந்த வெயில்ல எப்டி நானிம்மா இப்டி பூக்குது?"

"நீ தண்ணி ஊத்தல, அதான் பொழச்சிச்சி."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மொட்டு ஜாஸ்தியாக இருந்த கிளைகளாகப் பார்த்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தோம்.

சாயங்காலம் கோயில் வாசலில் செயலாளர் நின்றாள். பின்னால் பக்கெட்டில் கடைப்பூவும் தயாராக இருந்தது. சாக்கைப் பிரித்ததும் முகம் மாறிவிட்டது.

"ஆயா! இது தோல் ஷாப்புல தோலைப் பதப்படுத்தப் பட்டை உரிக்கிற செடி. ஈஸ்டரும் அதுவுமா இதையா பீடத்துல வைக்கிறது?"

"ஆமா, அதேதான். இந்தப் பட்டை ஊறுன தொட்டியிலதான் என் வீட்டுக்காரர் ஆயுசெல்லாம் நின்னாரு. உங்கப்பா அவருக்குப் பக்கத்துலயே நின்னாரு. அந்தக் கைங்க கொண்டாந்த காணிக்கையில கட்டுன பீடம் இது. பட்டைக் காசு வரலாம், பூ வரக்கூடாதா?"

அவள் ஒரு கிளையை எடுத்து லேசாக உதறிப் பார்த்தாள். அப்புறம், "உதிரும் ஆயா. வெள்ளைத் துணி பாழாப்போயிடும்" என்றாள்.

"உதிந்தா நான் பொறுக்குறேன்."

பக்கெட்டை அவளே தூக்கிப் படிக்குக் கீழே, ஓரமாக வைத்தாள்.

விடியற்காலை ஆராதனையில் உதிரத்தான் செய்தது. வெள்ளைத் துணி மேல் மஞ்சள் இதழ். ஆயர் அதைத் தட்டிவிடவில்லை. தோல் ஷாப்பில் வேலை செய்து ஓய்ந்த கிழவர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம், "இன்னாய்யா இது, நம்ம தொட்டி மேல ஏறி உக்காந்துகிது" என்றார். பாட்டு நின்றிருந்த நேரம், கோயில் முழுக்கக் கேட்டது. அவர் மகள் அவரைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெளியே வரும்போது செயலாளர் கேட்டாள், "அடுத்த வருஷம் என்ன ஆயா?"

"நடுவுல லில்லி. ரெண்டு பக்கமும் ஆவாரை. ஓசூருக்கு நீ போன் பண்ணவே வேணாம்."

அதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. எப்போது ஆரம்பித்தது, எதற்கு ஆரம்பித்தது என்று கோயில் ஆண்டு மலர்ப் புத்தகத்துக்கு எழுதித் தரச் சொல்லி அவளே கேட்டாள். எழுத்துக்கூட்டி எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

இந்தா கண்ணு, செல்லைக் கீழ வச்சுட்டு இதை முதல்ல இருந்து படிச்சுக் காட்டு. உங்க தாத்தா தொட்டியில நின்ன எடம் வந்தா நல்லா சத்தமா படி.