லாயத்தில் போட்ட அறைகள்

தென்காசியில் ரயிலை விட்டு இறங்குபவர்களைக் குற்றாலத்துக்கு இழுத்துப்போன ஜட்கா குதிரைகளுக்காகக் கட்டிய லாயம் அது. கருங்கல் சுவர், தேக்கு உத்தரம், ஐந்து குதிரைக்கு ஐந்து தடுப்பு. குதிரைகள் போய் ரொம்ப காலம் ஆகிறது. போன வருஷம் நாங்கள் அதை வாங்கினோம். வாங்க வைத்தது நான்தான். என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்திருந்தார். இனி அவரை விமானம் ஏற விடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதற்கு இங்கேயே ஒரு வருமானம் வேண்டும்.

சீசன் கடைகளில் வேலை பார்க்க வெளியூர் ஆட்கள் வருவார்கள், தங்க இடமில்லாமல் அல்லாடுவார்கள். ஒவ்வொரு தடுப்பையும் அறையாக்கி அடுக்குக் கட்டில் போடுவது என் திட்டம். கொத்தனார் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு தடுப்புல ஆறு பேரு தாராளமா படுக்கலாம்க்கா" என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

குதிரைக்குத் தண்ணீர் வைத்த கல் தொட்டியைத் தடவிக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், வெள்ளைக் கைலியோடு தரையில் மல்லாந்து படுத்துக் கைகளை விரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"கொத்தனாரு முன்னால என்னங்க இது? எந்திரிங்க."

"ஒரு குதிரைக்கு விட்ட எடம் இது" என்றார், படுத்தபடியே. "இவ்வளவு எடத்துலதான் அங்கன நாங்க ஆறு பேரு கெடந்தோம். எனக்கு மேல்கட்டில்."

வீடியோ காலில் எப்போது பார்த்தாலும் அவர் தலையை ஒட்டிக் கூரை தெரியும். நிமிர்ந்து உட்காரக்கூடச் சோம்பலா என்று கிண்டலடிப்பேன். ரூம் வசதியா என்றால், "ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். அதைப் பக்கத்து வீட்டில் போய்ப் பீற்றிக்கொள்வேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"அப்ப அறைக்கு ஆறு கட்டில்தானக்கா?" என்றார் கொத்தனார்.

"ஒண்ணு போதும்" என்றேன்.

வருமானம் பத்தாது என்று தெரிந்துதான் சொன்னேன். அதற்கு ஈடாக இவர் லாயத்து வாசலிலேயே டீக்கடை போட்டுவிட்டார்.

இந்த சீசனுக்கு முதலில் வந்தவர் ஒரு பரோட்டா மாஸ்டர். பையை வைத்த கையோடு மனைவிக்கு வீடியோ கால் போட்டு, செல்லை மெதுவாகச் சுற்றி நாலு சுவரையும் காட்டினார். டீ ஆற்றிக்கொண்டிருந்த இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினெட்டு வருஷத்தில் இவர் ஒரு தடவைகூட எனக்கு அப்படிக் காட்டியதில்லை.