அண்ணியாரின் கோடையும் என் பொறாமையும்

எங்கள் அண்ணியார் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு பர் துபாய் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கும், ஊரில் தபாலில் பெற்றுப் படிப்பவர்களுக்கும் என் வணக்கம். "நீதான் எழுதணும் வசந்தி. அவளைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். உண்மைதான். பொறாமைப்படுகிறவளுக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது. அண்ணியார் இந்தக் குடும்பத்துக்கு வந்த நாள் முதல் என்ன சமைத்தார், என்ன உடுத்தினார், யார் யார் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதையெல்லாம் நான் கண்கொட்டாமல் கவனித்து வந்திருக்கிறேன்.

அண்ணியார் ஸ்வீடன் நாட்டில் ஓர் ஏரிக்கரைச் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். தாயார் பள்ளிச் சமையலறையில் இருந்தார். அந்த ஊரில் குளிர்காலத்தில் பிற்பகலிலேயே இருட்டிவிடுமாம். கோடையில் சூரியன் போக மனமில்லாமல் வானத்திலேயே நிற்குமாம். படிக்கிற வயதிலேயே தாயாரை இழந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கி, பிசியோதெரபி படித்து, துபாயில் ஒரு மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தார். கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் சூப்பர்வைசராக இருந்த எங்கள் அண்ணன், சைட்டில் விழுந்து தோளை முறித்துக்கொண்டு அங்கே சிகிச்சைக்குப் போனார். தோள் சரியான பிறகும் போய்க்கொண்டிருந்தார். மீதியைக் கல்யாணப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

கல்யாணத்துக்கு முன்பு தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, அண்ணியார் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா அதிலேயே விழுந்துவிட்டார்கள். "வெள்ளைக்காரப் பொண்ணு, யாரும் சொல்லாமலே செருப்பை வெளியில விட்டுட்டு வருது பாருடி" என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். ஸ்வீடனில் எல்லோரும் அப்படித்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாது. நான் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செருப்பை வாசலில்தான் விடுகிறேன். என்னை அதற்காக ஒருவரும் பாராட்டியதில்லை.

பிறகு அண்ணன் வீடும் எங்கள் வீடும் பர் துபாயில் ஒரே கட்டடத்தில், ஒரு மாடி வித்தியாசத்தில் அமைந்தன. அண்ணனுக்கும் அண்ணியாருக்கும் குழந்தைகள் இல்லை. பள்ளி விடுமுறை விட்டதும் மருத்துவமனையில் பிள்ளைக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போக லீவு கேட்பார்கள். "அவங்க போகட்டும், பசங்க இருக்காங்கல்ல" என்று அண்ணியார் அவர்களுடைய டூட்டியையும் சேர்த்துப் பார்ப்பார். குளிர்காலத்தில்தான் அவருக்கு லீவு கிடைக்கும். அப்போது பிறந்த ஊருக்குப் போனால் இருட்டைத்தான் பார்த்துவிட்டு வர முடியும். ஏரியும் வெயிலுமாக வளர்ந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கோடையைக்கூட அங்கே கழித்ததில்லை. அதைப் பெரிய தியாகமாக அவர் ஒருநாளும் பேசியதில்லை. இங்கேயே ஒரு கோடையை ஏற்பாடு செய்துகொண்டார்.

துபாய்க் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரையை இழுத்து மூடி, ஏசியைக் கூட்டி வைத்து, வெயில் எப்போது ஒழியும் என்று காத்திருப்பவர்கள் நாம். அண்ணியாரோ விடிந்ததும் பால்கனிக் கதவைத் திறந்து, நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார். தொட்டியில் சதகுப்பைக் கீரை வளர்த்து, அதைக் கிள்ளிப் போட்டுக் குட்டி உருளைக்கிழங்கு அவிப்பார். ஸ்ட்ராபெர்ரி விலை மலிந்தால் அன்றைக்கு வீட்டில் திருவிழாதான். மாலையில் டூட்டி முடிந்து வந்ததும் காபி. காபியோடு அவர் கையால் சுட்ட ஏலக்காய் பன். அவர்கள் நாட்டில் பன்னுக்கு ஏலக்காய் போடுவார்களாம். ஏலக்காயையும் எங்களுக்கென்று விட்டுவைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் ஸ்வீடனில் நடுக்கோடைப் பண்டிகை வரும். பெண்கள் காட்டுப்பூக்களை வளையமாகப் பின்னித் தலையில் வைத்துக்கொள்வார்களாம். பர் துபாயில் காட்டுப்பூவுக்கு எங்கே போவது? மீனா பஜார்ச் சந்தில் பூக்கடை வைத்திருக்கும் மதுரைக்காரரிடம் மல்லிகையும் கதம்பமும் முழம் முழமாக வாங்கி, வளையமாகச் சுற்றி, தலையில் கிரீடம்போல வைத்துக்கொண்டு லிஃப்டில் வந்து இறங்கினார். பூவைத் தொங்கவிடாமல் இப்படி வைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று கட்டடத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் நன்றாகச் சிரித்தேன். மறு வருடம் அதே பெண்கள் அத்தனை பேரும் தலையில் பூ வளையத்தோடு அண்ணியாரின் பால்கனியில் நின்றார்கள். எனக்கும் ஒரு வளையம் கட்டி வைத்திருந்தார். தலைவலி என்று சொல்லிவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நானும் பிள்ளைகளும் தஞ்சாவூருக்குக் கிளம்பிவிடுவோம். மனைவி மக்களை அனுப்பிவிட்டுத் தனியாக இங்கே வேலை பார்க்கும் கணவர்களைக் கோடை பேச்சலர்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. எங்கள் கட்டடத்துக் கோடை பேச்சலர்கள் அத்தனை பேருக்கும் அண்ணியார் வீட்டில்தான் மாலைக் காபி. என் கணவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். மற்ற வீட்டு ஆண்கள் மனைவி இல்லாமல் இளைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நான் திரும்பி வரும்போது சட்டை பித்தான் போட முடியாமல் நிற்பார். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டால், "ஏதோ, பன்னு கின்னு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் கைச் சமையலை அவர் வாய்திறந்து பாராட்டியது கிடையாது. பன்னைப் பற்றி மட்டும் ஆபீஸ் முழுக்கப் பேசியிருக்கிறார்.

எதிரே கட்டடம் எழும்பிய வருடம், உச்சி வெயிலில் வேலை நிறுத்தி நிழலில் படுத்திருக்கும் தொழிலாளர்களுக்கு அண்ணியார் எலுமிச்சைச் சர்பத்தைப் பாட்டில்களில் உறையவைத்துக் கொண்டுபோவார். "பாய், ஜல்தி, கரம் ஹோ ஜாயேகா" என்று, சீக்கிரம் குடிக்காவிட்டால் சூடாகிவிடுமென அவர் இந்தி பேசுவதைக் கேட்க எங்கள் பால்கனியிலிருந்து வேடிக்கையாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் இருந்த ராமநாதபுரத்துப் பிள்ளைகள் அவரை 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். நான் அதே வழியாகத்தான் காய்கறிக்கடைக்குப் போய் வருவேன். எனக்கு 'மேடம்'தான்.

இத்தனையையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் மீராவை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது. இங்கே வளர்ந்த பிள்ளை. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அப்படிப்பட்டவள் மாலையானால் கீழே போய், அத்தைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மீராவின் தமிழே நொண்டி. அதைக் கற்றவரின் தமிழ் எப்படி இருக்கும்? மாம்பழம் 'அழகா இருக்கு' என்பார், ருசியாக இருக்கிறது என்ற பொருளில். என் பெயருக்குப் பொருள் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல வசந்தம்னா சேறு, வசந்தி. வெறும் சேறு. அப்புறம்தான் சம்மர்" என்று சிரித்தார்.

ஒரு கோடையின் முடிவில் நான் ஊரிலிருந்து திரும்பிய அன்று, பால்கனியில் கோடை பேச்சலர்கள் நிறைந்திருந்தார்கள். அண்ணியார் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "இது வசந்தி. என் நாத்தனார். ரொம்ப ரொம்பப் பொறாமை" என்றார். எல்லோருடைய கையிலும் காபிக் கோப்பை அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். பொறுமையைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார், மீரா மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஊருக்கும் இங்குமாக அலைந்து குடும்பம் நடத்துகிற பொறுமைசாலி என்று பாராட்டியிருக்கிறார். ஆனாலும் நான் திருத்தவில்லை. திருத்தினால் மற்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார். அதை அவர் முகத்தைப் பார்த்து விளக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதன்பின் எங்கே போனாலும் அதுதான் என் அறிமுகம். கோயிலில், கல்யாண வீட்டில், வீடியோ காலில் அவருடைய தம்பியிடம்கூட, "ரொம்பப் பொறாமையான பொண்ணு" என்று சொல்லிவிட்டு அவர்கள் மொழியில் ஏதோ விளக்குவார். மனதில் இருப்பதை நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டதுபோல ஆனது என் பிழைப்பு.

பிள்ளைகள் படிக்க வெளியூர் போனார்கள். போன வருடம் வெயில் தொடங்கும்போது அண்ணியாருக்கு நோய் முற்றிவிட்டதென்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் கோடைதான் நான் ஊருக்குப் போகாமல் துபாயில் தங்கிய முதல் கோடை. காலையில் கீழே போய் அவருக்குத் தலைவாரி, கஞ்சி கொடுத்து, பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்காரவைப்பேன். பக்கத்தில் நானும் உட்காருவேன். கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டினால் இமைக்குள்ளே ஒரு சிவப்பு தெரியும். "இதுதான் பாரு" என்பார். இவ்வளவு வருடமாக இதை அவர் ஒருவராகவே வைத்துக்கொண்டிருந்தாரே என்று அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் விடியற்காலை, "யல்லா வசந்தி, கடலுக்குப் போலாம்" என்றார். வருடா வருடம் கூப்பிடுவார், நான் போனதில்லை. அன்று அண்ணன் காரை ஓட்டினார். கரையில் அண்ணனை நிறுத்திவிட்டு, சுடிதாரோடு நான் அண்ணியாரைக் கைத்தாங்கலாகத் தண்ணீருக்குள் அழைத்துப்போனேன். கோடையில் இந்தக் கடல் விடியும்போதே வெந்நீராக இருக்கும். "இது கடல் இல்ல, ரசம்" என்றார். இடுப்பளவுத் தண்ணீரில் அவரை மல்லாந்து மிதக்கவிட்டு, முதுகுக்கடியில் கையைக் கொடுத்து நின்றேன். கனமே இல்லை.

"வசந்தி, உனக்கு ரொம்பப் பொறாமை" என்றார் கண்ணை மூடியபடியே.

இனியும் பேசாமல் இருந்தால் எப்போது சொல்வது? "அண்ணி, அது பொறுமை. நீங்க சொல்ற வார்த்தைக்கு வேற அர்த்தம்" என்றேன்.

"தெரியும். முதல் நாளே உன் அண்ணன் சொல்லிட்டார்."

"அப்புறமும் ஏன் மாத்தல?"

"சரியா இருந்துச்சு" என்றார். அவரே தொடர்ந்தார். "எனக்கும் பொறாமைதான், வசந்தி. உன்மேல. நீயும் உன் அண்ணனும் வேகமாத் தமிழ் பேசிச் சிரிப்பீங்க. எனக்கு ஒண்ணும் புரியாது. என்கிட்ட அவர் அப்படிச் சிரிச்சதே இல்ல. அதுக்குத்தான் மீராகிட்ட தமிழ் கத்துக்கிட்டேன். வார்த்தை எல்லாம் வந்துடுச்சு. சிரிப்பு வரல."

கரையில் நின்ற அண்ணன், "என்னடி பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினார். அவர் மட்டும் புரியாமல் நின்றது எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது.

கோடை முடிவதற்குள், ஒரு மாலை காபி நேரத்தில், அண்ணியார் அமைதியாகக் கண்மூடினார். இறுதிச் சடங்குக்கு எதிர்ச் சைட்டுத் தொழிலாளர்கள் வேறு வேறு கேம்ப்களிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார்கள். மீரா பரீட்சையை விட்டுவிட்டுப் பறந்து வந்தாள். எனக்கு உடம்பு சரியில்லாதபோது அவள் போன்தான் செய்தாள் என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன். வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து, "அண்ணியை இப்படி யார் பார்த்துக்குவா, உனக்கு எவ்வளவு பொறுமை" என்றார்கள். அது பொறுமை இல்லை என்று அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அஸ்தியை அண்ணன் கொண்டுபோய் அந்த ஏரியில் கரைத்தார். அப்போது அங்கே கோடை.

அண்ணியாரை வலி தெரியாமல் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், டூட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த அவருடைய தோழிகளுக்கும், ஸ்வீடனிலிருந்து வந்து கடைசிவரை உடனிருந்த அவர் தம்பிக்கும், பணம் வாங்க மறுத்துக் கடைசிப் பூவளையத்தைக் கட்டிக்கொடுத்த மதுரைக்காரருக்கும், கட்டடத்துக் கோடை பேச்சலர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மலரோடு உங்கள் தட்டில் இருக்கும் ஏலக்காய் பன் நான் சுட்டது. அண்ணியார் சுட்டதுபோல இல்லை என்று யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும்.

இப்போது மாலைக் காபியை அண்ணன் எங்கள் வீட்டில் குடிக்கிறார். பழைய தஞ்சாவூர்க் கதை எதையாவது எடுத்தால் இருவரும் முன்போலவே வேகமாகப் பேசிச் சிரிக்கிறோம். சிரிப்பின் நடுவில் அண்ணன் பழக்கத்தில் நிறுத்திவிடுகிறார், பக்கத்தில் திரும்பி, அதையே மெதுவாக மறுபடி சொல்வதற்கு. நானும் நிறுத்திக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
நாத்தனார் வசந்தி