கோல்கீப்பரின் மூக்குத்தி

பெண் பிள்ளைகளின் ஃபுட்பால் ஆட்டங்களுக்கு நான் ரெஃப்ரி. விசில் ஊதுவதற்கு முன்பே என் வேலை ஆரம்பித்துவிடும். இரண்டு அணிகளையும் வரிசையாக நிறுத்தி நகம், காது, கழுத்து, ஷூவின் அடிப்பக்கம் எல்லாம் பார்ப்பேன். 'செக்கிங் அக்கா' என்று முதுகுக்குப் பின்னால் கிண்டலடிப்பது எனக்குத் தெரியும். அடிக்கட்டும். என் ஆட்டத்தில் காது கிழிந்து ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

திருமுல்லைவாயில் மைதானத்தில் அன்று அரையிறுதி. மண்ணூர்பேட்டை அணியின் கோல்கீப்பருக்குப் பதின்மூன்று வயது. மூக்கில் புது மூக்குத்தி. கழற்றச் சொன்னேன். அவள் அம்மா கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

"இப்பத்தான் குத்திகீது. கயட்டுனா ஓட்டை தூந்துடும். மேல பிளாஸ்திரி ஒட்டிக்கட்டும்."

"ஒட்டினாலும் பந்து பட்டா உள்ள குத்தும்மா. கழட்டினாத்தான் ஆடலாம்."

"அப்ப ஆடவே வேணாம். வாடி ஊட்டுக்கு."

அந்த அணிக்கு வேறு கோல்கீப்பர் கிடையாது. அந்தப் பெண் கையுறையைக் கழற்றாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் எதிரணிப் பெண்ணின் தோட்டை அப்போதுதான் கழற்ற வைத்திருந்தேன். இங்கே மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் நான் என்ன ரெஃப்ரி?

அம்மா விடுவதாக இல்லை. "நீ மட்டும் தாலியக் கயட்டி வெச்சுட்டா ஓடுற?"

காலரை விலக்கிக் காட்டினேன். கழுத்தில் ஒன்றுமில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என் தாலி அங்கேதான் இருக்கும். நாங்கள் குடியிருக்கும் ஆவடி குவார்ட்டர்ஸில் இதற்காக நான் வாங்காத பேச்சில்லை. மனிதர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகளின் மூக்குத்தியைத் திருகிக் கழற்றி, நேராக என் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "இதையும் பத்திரமா வெச்சிக்க அண்ணாத்தே."

இரண்டாம் பாதியில், கிட்டத்திலிருந்து உதைத்த பந்து அந்தப் பெண்ணின் முகத்தில் அறைந்தது. விசிலை ஊதிக்கொண்டே ஓடினேன். மூக்கு சிவந்திருந்தது, ரத்தமில்லை. தலை சுற்றுகிறதா, கண் தெளிவாகத் தெரிகிறதா என்றெல்லாம் கேட்டு, உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் ஆடவிட்டேன்.

ஒரு கோலில் தோற்றுப்போனார்கள். என் வீட்டுக்காரர் மூக்குத்தியைத் திருப்பிக் கொடுத்தார். வீக்கத்தில் அது துளைக்குள் போகவில்லை. சரி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தயாராக நின்றேன். அந்த அம்மா மூக்குத்தியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"தூந்தா இன்னொரு தபா குத்திக்கலாம்" என்றார். "மூக்கு ஒண்ணுதானே கீது."