தனஞ்சயன் பார்த்து வாங்கிய கார்

வெள்ளவத்தையில் பழைய கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் தனஞ்சயனுக்குத்தான் போனில் கோல் எடுப்பார்கள். அவன் மெக்கானிக் இல்லை. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்காளன். ஆனால் கார் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பின்னேரம் வீடு திரும்பும்போது முழங்காலிலும் முதுகிலும் மண் அப்பியிருக்கும். ஊரிலுள்ள கார்களுக்கெல்லாம் அடியில் படுத்து எழும்புகிற மனுசனுக்கு வீட்டு ஃபேனைத் திருத்த நேரமில்லை என்று மனைவி சிவானி குறைப்பட்டுக்கொள்வாள். அவள் பம்பலப்பிட்டியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பிள்ளைகள் இல்லை. அது இருவரும் அழுது முடித்த விசயம்.

அவனுக்கென்று ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. இரண்டு கதவு, இரண்டு சீற், கையால் கியர் போட்டு ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார். வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. நாட்டுக்குள் கிடந்த கார்களையே ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். சாதாரணக் கார் வயதாகிப் பழுதாகும், ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினவனுடைய குணத்தால் பழுதாகும் என்பது தனஞ்சயனின் கட்சி. வருசக் கணக்காகத் தேடினான். ஒன்றில் முன்பக்கம் இடிபட்டு நிமிர்த்தியிருந்தது. இன்னொன்றின் சீற் பெல்ற்றை முழுதாக இழுத்துப் பார்த்தபோது அடிப்பகுதியில் வெள்ளத்தில் ஊறிய சேற்றுக்கறை இருந்தது. அவன் பெல்ற்றை விட்டுவிட்டு வந்தான்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒன்று அகப்பட்டது. சொந்தக்காரர் சண்முகம், பெற்றாவில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. குழந்தை பிறந்த பிறகு இரண்டு சீற் போதாது என்று விற்க நினைத்தார். தனஞ்சயன் சொன்ன நேரத்துக்கு முன்னமே போய் நின்று பொனற்றில் கை வைத்தான். குளிர்ந்திருந்தது. முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயைக் காட்டாது. ஸ்ரார்ட் செய்தவுடன் பின்னால் போய்ப் புகையைப் பார்த்தான். நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. குந்தியிருந்து கதவுகளின் இடைவெளிகளைப் பார்த்தான், பெயின்ற்றில் அலை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தான். டிக்கியின் விரிப்பைத் தூக்கித் துரு தேடினான். ரயர்களின் உள்விளிம்பைத் தடவினான். பிறகு ஹான்ட்பிரேக்கை இழுத்துப்பிடித்து, பெரிய கியரைப் போட்டுக் கிளச்சை மெல்ல விட்டான். கிளச் தேய்ந்திருந்தால் எஞ்சின் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். இது சட்டென்று உதறி நின்றது.

பக்கத்துத் தெருவில் ஹாஷிமுடைய கராஜ். மாளிகாவத்தைக்காரர், டுபாயில் எஞ்சினியராக இருந்துவிட்டு வந்தவர், தனஞ்சயனின் நெடுநாள் சிநேகிதர். காரைத் தூக்கி அடிப்பக்கத்தையும் இருவருமாகப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. அன்றைக்கே விலை பேசி முடித்தான்.

கொஞ்சக் காலம் அவன் உண்மையிலேயே சந்தோசமாக இருந்தான். விடியப்புறம் சிவானியை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கமாகத் தெஹிவளை வரைக்கும் போய்வருவான். மூன்றாவது கியருக்கு மாற்றும்போது கேட்கும் சத்தத்துக்காகவே வேகத்தைக் குறைத்துக் கூட்டுவான். சிவானிக்கு அந்தச் சத்தத்தில் ஒன்றும் விளங்காது. அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

ஒருநாள் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் கத்தியது, கார் ஏறவில்லை. கருகின மணம் வந்தது. ஹாஷிம் கழற்றிக் காட்டினார். கிளச் தட்டு எரிந்து நீலம் பாரித்துக் கிடந்தது. இவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு அப்படி எரிய வழியே இல்லை. வாங்குவதற்கு முன் ஏதோ செய்து தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தனஞ்சயன் முடிவுகட்டினான். நேரே சண்முகத்தின் வீட்டுக்குப் போய், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மனைவி விஷ்ணுப்பிரியாவுக்கு முன்னாலேயே அவரைக் கள்ளன் என்றான்.

சண்முகம் குரலை உயர்த்தவில்லை. "உங்களை மாதிரி இந்தக் காரை யாரும் பாத்திருக்க முடியாது சார். நானே ஒருநாளும் அப்படிப் பாத்ததில்ல," என்றார்.

அதன் பிறகும் தனஞ்சயன் ஓயவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சண்முகத்தின் பெயரைச் சொல்லி, அந்த ஆளிடம் கவனம் என்றான்.

புதுக் கிளச்சும் மழைக்காலம் முடிவதற்குள் எரிந்தது. இந்தமுறை ஹாஷிம் வேறொரு கிளச்சைப் போட்டுவிட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்து சீற்றில் ஏறிக்கொண்டார். கொட்டாஞ்சேனைச் சந்தியைத் தாண்டி நேர் ரோட்டுக்கு வந்ததும் சொன்னார்:

"தனா, இப்ப கால எடுங்க."

"எந்தக் கால்?"

"கிளச்சுல இருக்கிற கால்."

"எடுத்திட்டன்."

ஹாஷிம் கீழே பார்த்தார். தனஞ்சயனும் பார்த்தான். இடது குதிக்கால் நிலத்தில் இருந்தது. ஆனால் பாதத்தின் முன்பக்கம் தொய்ந்து, ஈரத்துணி மாதிரிப் பெடலை அரைவாசி அமத்தியபடி அதன் மேல் கிடந்தது. அதைத் தூக்க நினைத்தான். நினைப்பு மட்டும் போனது, பாதம் எழும்பவில்லை. காரை ஓரங்கட்டிவிட்டு ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். ஹாஷிம் இறங்கி வந்து, தானே ஓட்டுவதாகச் சொன்னார்.

செருப்பு இடதுகாலிலிருந்து அடிக்கடி கழன்று விழுவதைச் சிவானி முன்னமே கண்டிருந்தாள். செருப்புத்தான் பெரிது என்று புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள்.

பரிசோதனைகள் முடிய, வைத்தியர் இருவரையும் இருத்திவைத்துக் கதைத்தார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வியாதி. காலில் தொடங்கியிருக்கிறது, கைக்கு வரும், பிறகு நாக்குக்கும் மூச்சுக்கும் வரும். மாற்றுகிற மருந்து இல்லை. எதனால் வந்தது என்று தனஞ்சயன் கேட்டான். தெரியாது என்றார் அவர். எங்கேயாவது முன்னமே பிடித்திருக்கலாமா என்று கேட்டான். பிடித்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்பி வாழ்ந்தவன். வெளியே வந்து, காலிக்குப் போகும் பெருவீதியில் சிவானியோடு ஓட்டோவுக்குக் காத்து நின்றான்.

சண்முகத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவனை அரித்தது. பலமுறை கோல் எடுத்தும் அவர் எடுக்கவில்லை. ஹாஷிமைத் தூது அனுப்பினான். சண்முகம் தேநீர் கொடுத்து உபசரித்தாராம். அந்தப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

காரை வாங்க ஜொனாதன் என்கிற பொடியன் தனக்கு நிச்சயித்திருந்த பெண்ணோடு வந்தான். தனஞ்சயன் அப்போது தடியூன்றி நடந்துகொண்டிருந்தான். தாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் கீழே முற்றத்தில், காருக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு அமர்ந்துகொண்டான். அவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. பொனற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். பெல்ற்றை முழுதாக இழுக்கச் சொன்னான். கிளச் எரிந்த கதையையும் மறைக்காமல் சொன்னான். பொடியன் மரியாதைக்காக எல்லாவற்றையும் செய்தான். இடையிடையே அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன் அங்கிள் விக்கிறீங்கள்?" என்று அந்தப் பெண்தான் கேட்டாள்.

தனஞ்சயன் தடியைக் கையில் உருட்டினான். சிவானி முந்திக்கொண்டு, பெரிய கார் ஒன்று எடுக்க யோசிக்கிறோம் என்றாள்.

காசு கைமாறி, கார் ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்தது. சிவானி தடியை எடுத்து நீட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்றான். கார் நின்ற இடத்தில் நிலம் மட்டும் காய்ந்து வெளிறியிருந்தது. மழை மறுபடி தூறி அதையும் நனைத்த பிறகுதான் எழும்பினான். எழும்ப அவளுடைய தோள் தேவைப்பட்டது.

அடுத்த வருசம் கைகள் போயின. பேச்சுக் குழறியது. சிவானி பள்ளிக்கூட வேலையை விட்டாள். அவள்தான் ஊட்டுவாள், திருப்பிப் படுக்கவைப்பாள், அவன் பேசுவதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லுவாள். அவனோ பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ஹாஷிம் வெள்ளிக்கிழமைகளில் வருவார். கராஜுக் கதைகளைச் சொல்லுவார். சொல்லி முடிந்ததும் இரண்டு பேரும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விசயம் தெரியாதவர்களிடமிருந்து இன்னும் கோல் வரும். ஒருநாள் அப்படி நாகேந்திரம் என்று ஒருவர் எடுத்தார். மகனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பார்த்திருக்கிறாராம், அந்தக் காருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாராம், சத்தத்தைக் கேட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். சிவானி வெட்டிவிட நினைத்தாள். ஆனால் தனஞ்சயனின் கண்கள் போனையே பார்த்தன. அவள் அதை அவனுடைய தலையணையில் வைத்தாள்.

எஞ்சின் சத்தம் அறையை நிறைத்தது. அவன் கண்ணை மூடிக் கேட்டான். நெற்றி சுருங்கியது. வாயைத் திறந்து ஏதோ சொன்னான்.

சிவானி குனிந்தாள். "என்னப்பா? திரும்பச் சொல்லுங்கோ."

சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை. இன்னொருமுறை, முழு மூச்சையும் கூட்டிச் சொன்னான். கழுத்து நரம்பு புடைத்தது. அவளுக்கு அப்போதும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முதன்முறையாக ஒரு சொல்லுமே பிடிபடவில்லை.

மறுமுனையில் அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தார். "அக்கா, என்ன சொல்லுறார்?"

சிவானி போனை எடுத்தாள். "நல்லாயிருக்காம்," என்றாள்.

திரும்பிப் பார்த்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையை அசைத்து இல்லையென்று சொல்லவும் அவனால் முடியவில்லை.