அவரவர் பெயரில் உள்ளே விட்ட நஸ்ரின் மிஸ்

காலையில் கணினியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. பதுளை பசாரில் கடை வைத்திருக்கும், நஸ்ரின் மிஸ்ஸின் நானா பேசினார். "தங்கச்சி மௌத்தாயிட்டா, ஜெயந்தி. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லோணுமெண்டு சொல்லி வெச்சிருந்தா" என்றார். ஏன் எனக்கு முதலில் என்பது எனக்குத் தெரியும். மிஸ் இறந்துவிட்டார் என்றதும் அழுகையும் வந்தது, இப்படியொரு வேலையை என்னிடம் விட்டுப்போன அவர்மேல் கோபமும் வந்தது.

எங்கள் தோட்டக் கம்பனியின் பதுளை அலுவலகத்தில் கணினிப் பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். அவரை அறியாதவர்களுக்கு ஒரு திங்கட்கிழமையைச் சொன்னால் போதும்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்கள் பெரிய கிளாக்கர் ஐயா ஓய்வுபெற்றார். திங்கள் காலை, கிளாக்கர்மார் நாங்கள் ஆறு பேரின் மெஷினிலும் பொது ஃபோல்டர் திறக்கவில்லை. 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று நின்றது. தெமோதரைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு வீட்டுக் காணி கொடுக்கும் பட்டியல் அதற்குள்தான் இருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் பிரதேச செயலகத்தில் கொடுக்காவிட்டால் அந்த முறை எங்கள் தோட்டத்துக்குக் காணி இல்லை. பட்டியலில் என் அம்மாவின் பெயரும் இருந்தது.

ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மிஸ், பையைக்கூட வைக்கவில்லை. "ஆளா, மெஷினா, ஃபோல்டரா? மொதல்ல அதப் பாப்பம்" என்றார். எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். என்னைப் பக்கத்து மெஷினில் உட்காரவைத்தார். அங்கும் திறக்கவில்லை, ஆகவே மெஷினில் கோளாறு இல்லை. தன் பெயரில் நுழைந்தார். திறந்தது, ஃபோல்டரிலும் கோளாறு இல்லை.

"அப்ப ஆள்தான். யார் பேர்ல உள்ள போறீங்க?"

நான்தான் சொன்னேன்: "எல்லாரும் பெரிய ஐயா பேர்லதாங்க மிஸ்."

மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆமாம், ஆறு பேரும் பல வருடமாக ஐயாவின் பெயரில், ஐயாவின் பாஸ்வேர்டில்தான் வேலை செய்தோம். நமக்கென்று ஒரு கணக்குக் கேட்பது அவருடைய நாற்காலியைக் கேட்பது போலப் பட்டது. அவர் போனதும் தலைமை அலுவலகம் அவர் கணக்கை மூடியது. கூடவே நாங்களும் வெளியே.

"ஐயா கணக்கையே திறந்து விடுங்க மிஸ், நேரம் போகுது" என்று மேனேஜர் அவசரப்படுத்தினார்.

"ஏலாது சேர். நாளைக்கு இந்தப் பட்டியல்ல ஒரு பேர் காணாமப் போனா, யார் அழிச்சதெண்டு போன மனுசனையா கேப்பீங்க?"

ஆறு பேருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஆறையும் ஒரு குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு ஃபோல்டரைத் திறந்துவிட்டார். அப்படியும் எனக்குத் திறக்கவில்லை. உயிரே போய்விட்டது. அவசரத்தில், அவர் குழுவில் சேர்க்கும் முன்பே நான் நுழைந்திருந்தேன். "பதறாதீங்க. ஒருக்கா லொக் அவுட் செஞ்சு வெளிய போயிட்டுத் திரும்ப வாங்க, அப்பதான் அனுமதி ஏறும்" என்றார். வந்தேன். திரையில் முதல் தடவையாக என் பெயர். ஃபோல்டர் திறந்தது. அச்சடித்த தாளோடு ஓடினேன் பாருங்கள், பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கொடுத்துவிட்டேன். அம்மா இப்போது அந்தக் காணியில் கட்டிய வீட்டில் இருக்கிறார்.

நோய் கண்ட பிறகு மிஸ் சேர்வர் வேலைகளை என்னிடம் ஒப்படைத்தார். அன்று சொன்னார்: "நான் மௌத்தான அன்டைக்கே என்ட கணக்க மூடிருங்க. ஒருத்தரும் என்ட பேர்ல தொங்கிட்டு நிக்கப்படாது."

"என்ன பேச்சு மிஸ் இது" என்று சண்டை பிடித்தேன். அவர் சிரித்தார்.

இன்று, இறுதி மரியாதைக்கு ஜனாஸா வீட்டுக்குப் புறப்படும் முன் மிஸ்ஸின் கணக்கை மூடினேன். பிறகு எல்லாரையும் ஒருமுறை லொக் அவுட் செய்து திரும்ப வரச் சொன்னேன். ஆறு மெஷினிலும் அவரவர் பெயர் வந்தது, ஆறிலும் ஃபோல்டர் திறந்தது.

நிம்மதியாகப் போங்கள், மிஸ். ஒருத்தரும் வெளியே நிற்கவில்லை.