எட்டாத உயரத்தில் ஒரு காபி மிஷின்

என் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், நான் போட்டுக் கொடுத்த காபியில் பாதியைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு மக்கா" என்றார். மீதியைக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போய்ச் செம்பருத்திக்கு ஊற்றினார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அந்த வருஷம் எங்கள் செம்பருத்தி பூத்த மாதிரி அதற்கு முன்பு பூத்ததில்லை.

அம்மா போன பிறகு ராயகிரி வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கம் கிடையாது. ஒருநாள் காலையில் குளியலறையில் தலைசுற்றி விழுந்தவர், மத்தியானம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி பேப்பர் வாங்க வந்து கூப்பிட்டுப் பார்க்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டதற்கு, அண்ணாச்சி எப்படியும் பேப்பருக்கு வருவார் என்று தெரியும் என்றார். இனிமேல் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் என் கணவரும் போய் அவரைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டி வந்தோம். ஒரே ஒரு ரெக்சின் பையோடு வந்தார்.

அந்தப் பைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அலமாரியில் அவருக்கென்று இரண்டு தட்டுகளைக் காலி செய்து, பேப்பர் விரித்து வைத்திருந்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து சட்டையை எடுப்பார், போடுவார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி பையிலேயே வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். பஸ் வரும்வரை ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறவர்போல எங்கள் வீட்டில் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறையாவது, "வெள்ளிக்கிழமை போறேன் மக்கா. வீட்ட அடைச்சே போட்டா கரையான் ஏறிரும்" என்பார். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி எங்காவது விழுந்து கிடப்பார் என்ற பயத்தைத் தவிர எல்லாக் காரணத்தையும் சொன்னேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு விஷயத்தைச் சமன்பாடாக எழுதிவிட்டால் பாதி முடிந்தது என்று நம்புகிற கூட்டம். அப்பாவுக்கு இங்கே பிடிக்கவில்லை. பாதி டம்ளர் மிச்சம் இருக்கிறது. ஆகவே காபி சரியில்லை. காபியைச் சரி செய்தால் அப்பா இருப்பார். இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

சரி செய்யவேண்டிய அளவும் எனக்குத் தெரிந்ததுதான். அம்மா காபி. அம்மா ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியை. ஊரில் அவள் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பெயரோ அவ்வளவு பெயர் அவள் காபிக்கும் உண்டு. சபை ஐயர், எங்கள் சர்ச் பாதிரியார், வீடு சந்திக்க வந்தால் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு காபிக்குக் காத்திருப்பார் என்று சொல்வார்கள். நான் ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல். லீவுக்கு வந்து படுத்திருக்கும்போது விடிகாலையில் சமையலறையிலிருந்து காபிக்கொட்டை அரைக்கிற கை மிஷினைச் சுற்றுகிற கரகர சத்தம் கேட்கும். புரண்டு படுப்பேன். பிறகு அம்மா தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்து வருவாள். யாராவது "டீச்சர் கைப்பக்குவமே தனி" என்று சொன்னால், இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் பாராட்டியதைக் கேட்பதுபோல் தலையை லேசாக அசைப்பாள்.

எங்கள் கடைத்தெருவில் அரைத்துத் தருகிற தூளில் சிக்கரி எவ்வளவு, காபி எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்டேன். நல்ல கலவை என்றார். சதவீதம் கேட்டேன். நல்ல சதவீதம் என்றார். அன்றைக்குத்தான் கொட்டையாகவே வாங்கி வீட்டில் அரைப்பது என்று முடிவெடுத்தேன்.

முதலில் மிக்ஸியின் சட்னி ஜாரில் அரைத்தேன். ஒரு பாதி திருநீறுபோலவும் மறுபாதி சரளைபோலவும் வந்தது. பில்டரில் போட்டால் திருநீறு போய் அடைத்துக்கொண்டது. டிகாஷன் மத்தியானம்தான் இறங்கியது. அடுத்து, வேறு எந்த ஊர்க்காரரும் செய்வாரா தெரியாது, மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். எங்களுக்கு மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, சத்துமாவு, சீயக்காய் எல்லாம் அங்கேதான். அரைக்கவேண்டிய ஒரு பொருளை வேறெங்கே கொண்டுபோவது? மில்காரர் கல்லைத் துடைத்துவிட்டுத்தான் போட்டதாகச் சத்தியம் செய்தார். எனக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டு மல்லி ஓடியிருந்தது. அப்பா அந்தக் காபியை ஒரு வாய் குடித்தார்.

"சளிக்கு நல்லது" என்றார்.

செம்பருத்திக்கு அன்றைக்குக் கூடுதல் பங்கு கிடைத்தது.

பிறகு ஆன்லைனில் இறங்கினேன். கையால் சுற்றுகிற, திருகித் திருகி நைசைக் கூட்டிக் குறைக்கிற, உள்ளே பீங்கான் பல் வைத்த கிரைண்டர் ஒன்று வந்தது. கண்ணாடி ஜாடியில் தூளையும் வெந்நீரையும் ஊற்றி மேலிருந்து அமுக்குகிற சாமான் ஒன்று வந்தது. காகிதத்தை மடித்து வைத்து வடிகட்டுகிற கூம்பு ஒன்று வந்தது. இவற்றை வைக்கச் சமையலறை அலமாரியில் இடமில்லை. கீழ்த்தட்டு முழுக்க ஜவுளிக்கடைப் பைகள். இந்த ஊரில் எடுத்த சேலைகளின் பைகளும், கடையநல்லூரில் எடுத்தவற்றின் பைகளும், யார் யார் வீட்டுக் கல்யாணத்திலோ தாம்பூலம் போட்டுக் கொடுத்த பைகளும் ஒன்றுக்குள் ஒன்றாக அடைந்து கிடக்கும். பையைத் தூக்கிப்போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆகவே கிரைண்டரும் ஜாடியும் கூம்பும் பிரிட்ஜின்மேல் ஏறின. என் கணவர் நூல் வியாபாரி, எதையும் எடை பார்த்தே பேசுகிறவர். கழுத்தை நிமிர்த்தி அவற்றைப் பார்த்துவிட்டு, லேப் எப்போது திறப்பு விழா என்று மட்டும் கேட்டார்.

கொட்டையும் கூரியரில் வந்தது. ஏதோ மலை எஸ்டேட். பாக்கெட்டின்மேல் பலாப்பழம், தேன், ஆரஞ்சுத் தோல் மணம் கொண்டது என்று போட்டிருந்தது. கண்ணாடி ஜாடியில் போட்டு, நேரம் பார்த்து அமுக்கி, அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பாதி குடித்தார். நல்லாருக்கு என்றார். பலாப்பழ வாசனை தெரிகிறதா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, இப்போது சீசன் இல்லையே என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. பிடிக்கவில்லை என்று ஒருமுறை சொன்னால் என்ன? சொந்த வீட்டில் இருக்கிறவன்தான் காபி சரியில்லை என்று சொல்வான். விருந்தாளி நல்லாருக்கு என்பான். அன்று சாயங்காலமே அவர் போனில் ராயகிரி அண்ணாச்சியிடம் பேசினார். வருகிற வெள்ளிக்கிழமை அண்ணாச்சி பேத்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வேனில் சங்கரன்கோவில் வருகிறாராம். திரும்பும்போது அதே வேனில் அப்பாவும் போவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். என்னிடம் காரணம் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டைக் கூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் ராயகிரிக்கு பஸ் ஏறினேன். கூட்டுவதற்கு இல்லை. அம்மாவின் பழைய இரும்பு மிஷினை எடுத்து வர. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று, இதுதான் பாக்கி.

வீட்டில் கரையான் எதுவும் இல்லை. சமையலறைச் சுவரில் ஒரு பலகை அடித்து அதன்மேல் மிஷினைத் திருகி வைத்திருந்தது. கழற்றலாம் என்று கையைத் தூக்கினேன். எட்டவில்லை. கைப்பிடி என் தலைக்கு மேலே இருந்தது. எக்கி நுனிவிரலால் தொட முடிந்தது, சுற்ற முடியவில்லை. நான் அம்மாவைவிட ஒரு சாண் உயரம். அம்மா கரும்பலகையில் தேதி எழுதுவதற்கே ஸ்டூல் போட்டு ஏறுகிறவள். அந்தச் சமையலறையில் ஸ்டூல் என்ற ஒன்று இருந்ததே இல்லை.

கையை இறக்கினேன். லீவு நாட்களில் படுக்கையில் கேட்ட அந்தக் கரகர சத்தத்தை நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தோடு அம்மாவைத்தான் சேர்த்து வைத்திருந்தேன். ஒருநாளாவது எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பிறகு பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து, ஏறி, பலகையோடு சேர்த்துக் கழற்றினேன். தரையிலிருந்து அது இருந்த உயரத்தைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். சர்வேயர் மகள்.

இங்கே எங்கள் சமையலறைச் சுவரில் அதே முடிச்சு வரும் உயரத்தில் ஆணி அடிக்கச் சொன்னேன். இவ்வளவு உயரத்திலா என்று என் கணவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கும் எட்டாது. நூல் சிட்டத்தைக் கையில் எடை பார்ப்பதுபோல என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் அடித்துக் கொடுத்தார்.

அப்பா சத்தம் கேட்டு சமையலறை வாசலுக்கு வந்தார். அவர் எங்கள் சமையலறைக்குள் அதுவரை வந்ததில்லை. மிஷினைப் பார்த்தார். என் உயரத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, இத ஏன் இம்புட்டு ஒசரத்துல மாட்டிருக்க?"

"அங்கன இருந்த ஒசரம்தாம்ப்பா."

"ஒனக்கு எட்டாதே."

"அம்மாவுக்கும் எட்டாதுல்லா."

அவர் உள்ளே வந்து, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அது வெறும் வயிற்றோடு கரகரத்தது.

"அவளுக்கு வென்னி போடக்கூட வராது மக்கா. பள்ளிக்கூடம், நோட்டுத் திருத்தன்னு ஓடுவா. அவ குடிக்கும்போது அவ மொகத்தப் பாக்கணும், அதுக்குன்னே நாந்தான் போடுவேன். வெளிய தெரிஞ்சா ஆம்பளய அடுப்படியில விட்டுருக்கான்னு சொல்வாங்கன்னு தட்டை மட்டும் அவ தூக்கிட்டுப் போவா." மிஷினை விட்டு என் பக்கம் திரும்பினார். "யார்ட்டயும் சொல்லாத. டீச்சர் பேரு கெட்டுரும்."

இதில் ஒருவர் பெயரையும் போடாமல் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

மறுநாள் விடியும்போது கரகர சத்தம் கேட்டது. இந்தமுறை எழுந்து போனேன். எஸ்டேட் கொட்டையை ஒரு பிடி போட்டு அரைத்துக்கொண்டிருந்தார். பழைய எவர்சில்வர் பில்டரில் அமுக்கி, வெந்நீர் ஊற்றி, பாலைப் பொங்கவிட்டு, ஒரு டம்ளர் கலந்து என்னிடம் நீட்டினார். குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டை மட்டம், வறுபடவே இல்லை, எவன் தலையில் கட்டினான் என்று கேட்டார். அவர் எங்கள் வீட்டில் சொன்ன முதல் குறை அது. எனக்குக் கேட்கக் கேட்க இனித்தது. அப்புறம் தனக்கென்று கலந்ததில் பாதியைக் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் நடந்தார்.

ஏம்ப்பா, நீங்கள் போட்டதுமா பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு என்னைக்கு அர டம்ளருக்கு மேல எறங்கிருக்கு?" என்று சொல்லிக்கொண்டே செம்பருத்திக்கு ஊற்றினார்.

பிரிட்ஜின்மேல் இருந்த சாமான்களை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வியாழக்கிழமை என் கணவர் ராஜபாளையத்துக்கு நூல் விஷயமாகப் போனபோது அப்பாவும் காரில் ஏறிக்கொண்டார். அங்கே கண்ணெதிரில் வறுத்துத் தருகிற கடை ஒன்று அவருக்குத் தெரியுமாம். போகும்போது கையில் என்ன இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேனும் வந்தது. அண்ணாச்சி சேலைப் பொட்டலங்களோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்பா சமையலறைக்குள் போனார், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்துப் போனேன். அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்தார்.

"ஒங்கம்மை கைப்பக்குவம் அப்படியே இருக்கு மக்கா" என்றார்.

நான் தலையை லேசாக அசைத்தேன். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பக்கத்தையும் புரட்டவில்லை.

டம்ளர் காலியானதும் அண்ணாச்சி எழுந்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்திருந்தேன். "பெறகென்ன வே, பைய எடும், கெளம்புவம்."

"பையில காப்பிக்கொட்ட கெடக்கு வே" என்றார் அப்பா. "துணிமணிய அலமாரியில வச்சிட்டேன். கொட்டை தீரட்டும், வாரேன். வேற பை இல்ல."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பை இல்லாத வீடா என்பதுபோல. எனக்குப் பின்னால் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கப் பைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. நான் காலால் அதன் கதவைச் சாத்தினேன்.