எஞ்சின் நின்ற பிறகும் கேட்ட ஓசை

காலை ஆறரை மணிக்குச் சைதாப்பேட்டையிலிருந்து கிளம்பினோம். தாம்பரம், ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நண்பர் கோபிநாத் ஜெர்மனியில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் காரோடு ஊர் திரும்பியவர். காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் மகள் கல்யாணத்துக்குப் புடவை சொல்லியிருந்தார். அதை வாங்கி வரத்தான் இந்தப் பயணம்.

கார் சாதாரணக் கார் அல்ல. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. டர்போ என்று பெயர். ஓட்டுபவர் ஏழுமலை, பத்து வருடம் டாக்சி ஓட்டியவர். "லிட்டருக்குப் பதினொண்ணு குடுக்குது. எல்லாம் இவன் கை" என்று கோபிநாத் பின்சீட்டிலிருந்து மெச்சினார். ஏழுமலை திரும்பாமல் தலையை மட்டும் அசைத்தார்.

ஒரகடத்தில் டீக்கு நிறுத்தினோம். ஏழுமலை கடைக்குள் போனதும் கோபிநாத் பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் தன் கைக்குட்டையிலேயே துடைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஊத்த ஊத்தக் குறையுது. வெளிநாட்டு ஆயில். டாக்சி ஸ்டாண்டுல நல்ல விலை போகுமாம்."

"ஏழுமலையைக் கேட்டீர்களா?"

"கேட்டா ஒத்துக்குவானா?"

பானெட்டைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு என்னோடு டீ குடிக்க வந்தார். ஏழுமலைக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

தென்னேரிக்குப் பிரியும் சாலையைத் தாண்டி ஒரு நெல் லாரியை முந்தும்போதுதான் அது கேட்டது. தொலைவில் ஆலைச் சங்கு ஊதுவது போன்ற ஓசை. அதன் அடியில் தகரத்தை நகத்தால் கீறுவது போல ஒன்று. ஏழுமலை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அடங்கியது. மிதித்ததும் எழுந்தது.

"நேத்து வண்டியை எவன்கிட்ட காட்டினே?" என்றார் கோபிநாத்.

"யார்கிட்டயும் காட்டல சார். ஷெட்டுலதான் இருந்துது."

"முன்னே இந்தச் சத்தம் இல்லையே?"

"இருந்துது சார். ஒரு வாரமாவே இருக்குது. சொன்னா இன்னா ஒடச்சேன்னு கேப்பீங்கன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

வாலாஜாபாத் வரை கண்ணாடியில் ஏழுமலை எங்களைப் பார்த்தார். கோபிநாத் ஏழுமலையின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்குப் பிள்ளையார்பாளையம். முன்பு இரண்டு முறை வந்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு தறியடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இன்று தெரு ஊமையாகக் கிடந்தது. ஏழுமலை தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்து, வந்த வேகத்திலேயே வண்டியை உருட்டினார். எஞ்சின் செத்துவிட்டது. ஓசை சாகவில்லை. சில விநாடிகள் தனியாகச் சுழன்று, கிறீச்சிட்டு நின்றது.

"அணைத்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"சாவி கையில இருக்குது பாருங்க சார்" என்று தூக்கிக் காட்டினார்.

நெசவாளர் குப்புசாமி வெளியே வந்தார். "இன்னிக்கு அமாவாசைங்க. தறியில கை வைக்கமாட்டோம். பொடவை தறியிலதான் இருக்குது. நாளைக்கு அறுத்துத் தரேன்." நாள் பார்க்காமல் வந்துவிட்டோம். கோபிநாத் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குப்புசாமி வழி சொல்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தேவராஜ் என்பவரின் லாரி ஷெட்டுக்குப் போனோம். தேவராஜ் முதலில் மின்விசிறி பெல்ட் என்றார். பெல்ட்டைக் கழற்றி ஓட்டிப் பார்த்தும் ஓசை அப்படியே இருக்க, "நான் அப்பிடிச் சொல்லலியே" என்று சிரித்தார். பிறகு எண்ணெய்க் கம்பியை உருவினார்.

"இன்னாபா இது, நுனியிலகூட ஒட்டல?"

இரண்டு லாரிக்காரர்கள் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் கோபிநாத் கேட்டார்: "எவ்வளவுக்கு வித்தே?"

ஏழுமலையின் முகம் கறுத்தது. "இந்த ஷெட்டுல என் மச்சான் வேலை செஞ்சிருக்கான் சார். இங்க வெச்சா கேக்கறீங்க? திருடினேன்னு போலீசுக்குப் போங்க, நானும் வரேன். ஊருல இன்னொருத்தன் எனக்குச் சாவி குடுப்பானா?"

"சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க" என்ற தேவராஜ், டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றினார். கறுப்பு எண்ணெய் கொட்டி அவர் காலை நனைத்தது. டர்போவுக்குள் காற்று வரும் பக்கத்துக் குழாயையும் கழற்றி, உள்ளே விரலை விட்டுச் சக்கரத்தை ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது, இறக்கைகள் சுவரில் உரசிய கீறல் பளபளத்தது.

விளக்கியவர் கோபிநாத்தான், குரல் இறங்கி. எஞ்சின் ஓடினால்தான் சக்கரத்தின் தண்டுக்கு எண்ணெய் வரும். வேகமாக ஓட்டிவந்து சட்டென்று அணைத்தால் தண்டு எண்ணெய் இல்லாமல் சூட்டில் சுழன்று தேயும். தேய்ந்த இடைவெளியில் எண்ணெய் கசியும். நிறுத்துமுன் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும்.

"ரயில்வே கேட்டுல, சிக்னல்ல, கோயிலாண்ட கும்புடறப்ப, எங்கயும் ஆஃப் பண்ணித்தான் சார் நிறுத்துவேன். பெட்ரோல் மிச்சமாகும்னுதான்" என்றார் ஏழுமலை.

"இதை அவரிடம் சொன்னீர்களா?" என்று கோபிநாத்திடம் கேட்டேன்.

"சொன்னா, அதையே சாக்கா வெச்சுப் பெட்ரோலை எரிப்பான்னு நெனச்சேன்." கீழே தேங்கிய எண்ணெயைப் பார்த்தபடி, "ஊத்தினதெல்லாம் இதுலயா போச்சு?" என்றார்.

"மிச்சம் பொகையாப் பூட்ச்சு சார்" என்றார் தேவராஜ். "உங்க பின்னால வந்தவன் மூக்குல இருக்கும், போய் அளந்து பாருங்க."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. சாவியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டார். கோபிநாத் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டால் சம்பளம் கூட்டிக் கேட்பான் என்று என்னிடம் சொன்னார்.

அரிசி ஏற்றிய லாரி ஒன்று காரைக் கயிறு கட்டிச் சென்னைக்கு இழுத்துப்போவதாக ஏற்பாடு. ஸ்டியரிங்கில் கோபிநாத்தே உட்கார்ந்தார். நான் ஏழுமலையோடு பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட்டை அவரவர் வாங்கிக்கொண்டோம். நான் வாங்க முன்வந்ததை அவர் விரும்பவில்லை. வேலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காஞ்சிபுரத்தில் அமாவாசை ஓய்வு தறிக்கு உண்டு. கோபிநாத்தும் நானும் வாழும் சென்னையில், வேலை தருகிறவனின் சந்தேகத்துக்கு அப்படி ஒரு நாள் குறித்திருப்பதாகத் தெரியவில்லை.

ஊர் எல்லை தாண்டிச் சிறிது தூரத்தில் எங்கள் பஸ் அந்த லாரியை எட்டிப் பிடித்தது. கயிறு தொய்வதும் வெடுக்கென்று இழுபடுவதுமாகக் கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஏழுமலை பதறி எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சார்! எஞ்சின் ஓடலன்னா பிரேக்கு கட்டையா இருக்கும்! முன்னாலயே அழுத்தி மிதிங்க!"

கோபிநாத் நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டி, கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.